எலி வாலும் என் வீட்டுக்காரர் முதுகும்

என் நாத்தனார் ஆய்வகத்தில் எலிகளின் முதுகைக் காப்பாற்றுகிறவள். அவள் அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், பீரோவையும் ஃபிரிட்ஜையும் முதுகில் சுமந்து மாடி ஏற்றுகிறவர்.

முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கிற வட்டு கெட்டுப்போய் நரம்பை அழுத்துகிறது, ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று போன வருஷமே டாக்டர் சொல்லிவிட்டார். மனிதர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"என் தங்கச்சி இதுக்குத்தான் மருந்து கண்டுபிடிக்கிறா. கத்தி எதுக்கு?"

அவளிடம் மூச்சு விடக் கூடாதென்று என்னிடம் சத்தியம் வேறு. வேலையில் அவள் மனசு கலையக் கூடாதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தைலம் தேய்த்தேன்.

போன ஞாயிறு மத்தியானம் அவள் முகமெல்லாம் பல்லாக வந்தாள். மருந்து பலித்துவிட்டதாம்.

"கண்ணுக்கே தெரியாத துகள் அண்ணி. இரும்பு துருப்பிடிக்கிற மாதிரி வட்டு உள்ளுக்குள்ள கெடுதில்ல, அதைத் தடுக்குது. மருந்து போட்ட எலிக்கெல்லாம் வட்டு ஜெல்லி மாதிரி அப்படியே இருக்கு."

"எனக்கு எப்ப போடுவே?" என்றார் இவர்.

"உனக்கா? உனக்கென்னண்ணா?"

இனிமேல் சத்தியமாவது மண்ணாவது. ஸ்கேன் படத்தை எடுத்து அவள் கையில் திணித்தேன். டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். மேலே உள்ள வட்டுகள் வெளுப்பாக இருந்தன. கடைசி இரண்டும் கரிக்கட்டை.

"மனுஷங்களுக்குப் போட இன்னும் எவ்வளவோ வருஷம் ஆகும். போட்டாலும்..." ஸ்கேன் படத்தைக் கீழே வைத்தாள். "எலிக்கு வால்லயும் இதே மாதிரி வட்டு இருக்கு, அதை நாங்களே ஊசியால குத்திக் கெடுப்போம். குத்தின கையோட மருந்தையும் போட்டுடுவோம். இது காப்பாத்துற மருந்துண்ணா. காப்பாத்த உள்ள ஏதாவது மிச்சம் இருக்கணும்."

"எலிக்கு அடிச்ச யோகத்தைப் பாரு," என்றார். நாங்கள் சிரிக்கவில்லை.

"கால் மரத்துப்போகுதா? உண்மையைச் சொல்லு."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நீ உக்காரு, குடிக்க ஏதாவது வாங்கிட்டு வர்றேன்."

எவ்வளவு தடுத்தும் கேட்காமல் போனார். வெளியே தார் உருகுகிற வெயில். போனவர் கையில் ஜில்லென்று ஒரு பாட்டிலோடு, காலை இழுத்து இழுத்து வந்து, வாசலில் நின்று தங்கையைப் பார்த்துச் சிரித்தார்.

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"அண்ணா, வலது கால் செருப்பு எங்க?"

அவர் குனிந்து, காலைத் தூக்கிப் பார்த்தார். உள்ளங்கால் கொப்பளித்திருந்தது. அவள் கேட்கிறவரை அவருக்கு அது தெரியாது.