வண்டி மேல் தப்பில்லை

செஞ்சி கூட்டு ரோட்டுப் பக்கம் இருக்கும் இ-சேவை மையத்தில் மணிமொழியின் ஜன்னலுக்கு வருகிறவர்கள் கொஞ்சம் பயந்துதான் வருவார்கள். "ஆதார்ல ஒரு பேரு, ரேஷன் கார்டுல ஒரு பேரு. இன்னா, நீங்க ரெண்டு ஆளா?" என்று நேருக்கு நேராகக் கேட்டுவிடுவாள். வீட்டில் முதல் பட்டதாரி. யாருடைய தப்பையும் மூடி வைக்கத் தெரியாதவள் என்று ஊரில் பெயர் எடுத்திருந்தாள்.

அன்று மதியம் மெக்கானிக் ஹுசைன் பாய் வந்தார். மகள் மெஹ்ரீனின் கல்லூரிக்கு வருமானச் சான்றிதழ் வேண்டும். தாள்களைக் கொடுத்து முடித்த பிறகும் ஜன்னலை விட்டு நகரவில்லை.

"இன்னா பாய், வேற எதனா வேணுமா?"

"உன் தம்பி வண்டிய உட்டுட்டுப் போயிருக்கான்மா."

"சர்வீசுக்கா?"

"சர்வீசா இருந்தா நான் ஏன் உன்கிட்ட சொல்றேன்? சைலன்சர அறுத்துட்டு வேற வைக்கணுமாம். இன்ஜினோட மூளைல ஒரு பொட்டி மாட்டணுமாம், ஆன்லைன்ல வாங்கிக் கையிலயே வச்சிருக்கான். வண்டி ஸ்பீடா போவணுமாம். மூணு மணிக்கு வரேன்னான். வந்தா அறுக்கணும்."

"அவனுக்குப் பைத்தியமா பாய்? நீங்க வேணான்னு சொல்லலியா?"

"சொன்னேன். பால்காரனோட எருமைய ஏண்டா ரேசுக்கு உடறன்னு கூட கேட்டேன். 'அக்காவுக்கு அடுத்த மாசம் பரீட்சை வருது பாய்'னான். அதுக்கு மேல நான் இன்னா பேசறது?"

மணிமொழி கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தபடி ஹுசைன் பாயின் பிறந்த தேதியை இரண்டு முறை தப்பாக அடித்தாள்.

தம்பி வெற்றிவேலின் வண்டி ஒரு வாடகைக் கார், எண்ணூறு சிசி. மூன்று சிலிண்டர், மஞ்சள் போர்டு, பழைய வண்டியாக வாங்கியது. அதில் அவன் யாரையும் அவசரமாகக் கூட்டிப் போனதில்லை. பனமலையிலிருந்து சீயமங்கலம் வரைக்கும் பிள்ளைத்தாய்ச்சிகளை ஸ்கேனுக்குக் கூட்டிப்போக அவனைத்தான் கூப்பிடுவார்கள். பள்ளம் வந்தால் இறங்கிப் பார்த்துவிட்டு ஓட்டுகிற ஒரே டிரைவர் என்பார்கள். அந்தப் பெயரில்தான் அவன் சோறு தின்றுகொண்டிருந்தான். கர்ரென்று கத்துகிற வண்டியில் எந்தப் பிள்ளைத்தாய்ச்சி ஏறுவாள்? ஆர்.டி.ஓ. ஆபீஸில் எந்த அதிகாரி எஃப்.சி. கொடுப்பான்?

அப்படிப்பட்டவனை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது யார் என்பது மணிமொழிக்குத் தெரியும்.

போன பிப்ரவரியில், ஒரு சனிக்கிழமை, விழுப்புரத்தில் அவளுக்கு குரூப் டூ தேர்வு. ஒன்பது மணிக்கு கேட்டை மூடிவிடுவார்கள். ஆறே முக்காலுக்குக் கிளம்பலாம் என்று வெற்றிவேல் முந்தின நாளே சொல்லியிருந்தான். காலையில் அவன் வண்டியைத் துடைத்து நிறுத்தியபோது, "இன்னும் கொஞ்சம் படிக்கணும், ஏழரைக்குப் போலாம்" என்றாள். அவள் படிக்கவில்லை. அறைக்குள் உட்கார்ந்து, தினசரி காலண்டர் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை குளிகை, ஆறிலிருந்து ஏழரை. குளிகையில் தொடங்கிய காரியம் திரும்பத் திரும்ப நடக்கும் என்பார்கள். ஏற்கெனவே இரண்டு முறை எழுதித் தோற்றவள் அவள். மூன்றாவது முறையும் அந்த நேரத்தில் கிளம்பினால், ஆயுசுக்கும் எழுதிக்கொண்டே இருக்க வேண்டுமோ என்று பயந்தாள். அம்மா நல்ல நேரம் பார்த்தால் வாய்க்கு வந்தபடி கிண்டல் செய்கிறவள், யாருக்கும் தெரியாமல் ஏழரை ஆகக் காத்திருந்தாள். தேர்வு தொடங்கப்போவதே ராகு காலத்தில் என்பதைப் பற்றி அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஏழரைக்குக் கிளம்பினார்கள். வழியில் கரும்பு டிராக்டர்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் இரண்டு டிரெய்லர், எதிரில் பஸ்ஸுக்குப் பின்னால் பஸ். வெற்றிவேல் ஹாரன் அடித்துக்கொண்டே போனான். ஒன்பது ஐந்துக்குப் போய் நின்றபோது கேட் மூடியிருந்தது. காவலுக்கு நின்ற போலீஸ்காரர் இவர்கள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா துரைக்கண்ணு, "இன்னாடா ஆச்சு?" என்று மகனைத்தான் கேட்டார். மணிமொழி முந்திக்கொண்டாள். "இவன் டப்பா வண்டி ஒரு டிராக்டரத் தாண்டல நைனா. நான் இன்னா பண்ண?"

வெற்றிவேல் வண்டிச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனான். அதன் பிறகு நைனா அந்த வண்டியில் ஏறுவதை நிறுத்தினார். எங்கே போவதென்றாலும் பஸ்தான்.

மூன்று மணி ஆனதும் மணிமொழி ஜன்னலை மூடிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

திண்டிவனம் ரோட்டில், ராஜகிரிக் கோட்டையைப் பார்த்தபடி இருக்கும் பாயின் பட்டறைக்கு அவள் போனபோது, வண்டியை ஜாக்கியில் ஏற்றியிருந்தார்கள். வெற்றிவேல் தரையில் படுத்து அடியில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் புதுப் பெட்டி, உறை பிரிக்காமல். ஹுசைன் பாய் அறுக்கிற மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு, கரண்ட் இருந்தும் பிளக்கைச் சொருகாமல் நேரத்தைக் கடத்திக்கொண்டிருந்தார்.

"டேய், வெளிய வா."

"நீ இன்னாக்கா இங்க? ஆபீஸ் இல்லியா?"

"இது இன்னாடா வேல?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு. இந்தப் பொட்டி போட்டா எட்டு குதிர பவர் கூடுமாம். கரும்பு வண்டிய சர்ருன்னு தாண்டிடலாம்."

"எட்டு குதிர வரும்பா," என்றார் ஹுசைன் பாய். "வந்தா உன் கிளட்ச் தாங்குமா? சைலன்சர் மாத்துனா சத்தம் கூடும், அவ்ளோதான். எதிர்ல பஸ்ஸு வரும்போது ராக்கெட்டே வச்சிருந்தாலும் பின்னாடிதான் போவணும்."

"நீங்க அறுங்க பாய். இந்தவாட்டி லேட்டாச்சுன்னா இவ உயிரோட உடமாட்டா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அந்தச் சிரிப்பைத்தான் மணிமொழியால் தாங்க முடியவில்லை. அடுத்தவர் தப்பு என்றால் நாக்கின் நுனியில் நிற்கும். தன் தப்பு ஆறு மாதமாக வயிற்றுக்குள்ளேயே கிடந்தது.

"வண்டி மேல தப்பு இல்லடா," என்றாள்.

"பின்ன?"

"நான் அன்னைக்குப் படிக்கல. குளிகை முடியட்டும்னு குந்திக்கினு இருந்தேன். காலண்டரப் பாத்துக்கினு. ஆறே முக்காலுக்கே கெளம்பியிருந்தா, நீ எட்டு மணிக்கெல்லாம் கொண்டுபோய் உட்டிருப்ப."

ஹுசைன் பாய் மெஷினைக் கீழே வைத்துவிட்டு, டீ சொல்லிவிட்டு வருவதாக முணுமுணுத்தபடி ரோட்டைத் தாண்டிப் போனார்.

வெற்றிவேல் எழுந்து உட்கார்ந்தான். கையிலிருந்த கிரீஸைப் பழைய துணியில் துடைத்தான். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"அம்மாதான் சொன்னாங்களா?"

"இல்ல. அம்மாவுக்குத் தெரியாது. நானாத்தான்."

"நீயா."

"நான்தான்."

"அந்த டிராக்டருக்குப் பின்னாடி நான் அழுதேன்க்கா. நீ ஜன்னலப் பாத்துக்கினு வந்த. நான் அழுதது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்பக்கூட சொல்லல."

"சொல்லல. படிச்சவடா நான். எப்படிடா சொல்லுவேன்?" குரல் உடைந்தது. அதற்கும் அவளுக்குக் கோபம் வந்தது. முகத்தைத் துப்பட்டாவில் அழுத்தித் துடைத்தாள். "தப்புதான். திட்டு."

அவன் திட்டவில்லை. ஜாக்கியில் நின்ற வண்டியின் சக்கரத்தில் கையை வைத்து மெதுவாகச் சுற்றினான். அது சத்தமில்லாமல் சுற்றியது.

"அன்னைக்கு நாலாவது கியர்லருந்து மூணுக்கு எறக்கியிருந்தா தாண்டியிருக்கலாமோன்னு தெனமும் நெனைப்பேன்," என்றான். "ராத்திரி படுத்தா கையி தானா கியர் போடும். ஆறு மாசமா."

மணிமொழி கிரீஸ் படிந்த தரை என்று பார்க்காமல் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவனுடைய இடது கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சின்ன வயதுக்குப் பிறகு அப்படிப் பிடித்ததே இல்லை. அவனும் இழுத்துக்கொள்ளவில்லை.

டீயோடு வந்த ஹுசைன் பாய் இருவரையும் பார்த்தார். "இன்னாப்பா, அறுக்கட்டுமா வேணாமா?"

"வேணாம் பாய். ஆயில் மாத்திட்டு எறக்கிக் குடுங்க." வெற்றிவேல் பெட்டியை எடுத்து உறையைத் தடவிப் பார்த்தான். "திருப்பி அனுப்ப இன்னும் ரெண்டு நாள் இருக்குது."

"அல்லா புண்ணியம்," என்று பாய் டீயை நீட்டினார்.

வண்டி இறங்கியதும் மணிமொழி முன் கதவைத் திறந்தாள்.

"பின்னாடி குந்து," என்றான். "நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன்."

"ஸ்கூட்டி?"

"பாய் பாத்துப்பாரு."

பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். அவன் வண்டியை எடுத்தான். காந்தி பஜார் வேகத்தடையில் ஏற்றி இறக்கியபோது, பிள்ளைத்தாய்ச்சியைக் கூட்டிப் போகிற மாதிரிதான் ஏற்றி இறக்கினான்.

"நைனாகிட்ட நீதான் சொல்லணும்."

"இன்னைக்கே சொல்றேன்."

"டப்பா வண்டின்னு சொன்னதையும் சேத்து."

"அதையும்."

கொஞ்ச தூரம் போனார்கள். வீட்டுத் தெருவுக்குத் திரும்பும்போது நைனா வாசலில் நின்று, பஸ்ஸுக்குப் போகச் சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தார். வெற்றிவேல் அவர் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் காத்திருந்தான்.

மணிமொழி பின்கதவைத் திறந்து இறங்கினாள். "நைனா," என்றாள், "பஸ்ஸு வேணாம். முன்னாடி குந்துங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."