சாவித்துவாரம் வைத்த மேசை

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் மடியில் ஒழுகியது. சட்டைக்குக் கை சுருக்கக் கொடுத்திருந்தேன். வாங்கப் போன நேரம், தையல்காரம்மா வீட்டில் சின்னவனுக்குப் பிறந்தநாள். "வந்தது வந்துட்டீங்க, ஒரு வாய் கேக் சாப்பிட்டுட்டுப் போங்க" என்று உட்கார வைத்துவிட்டார். அவர் ஊற்றிய பழச்சாறு கொஞ்சம் சிந்தியது. விரிப்பு நனைந்தது, சொட்டுச் சொட்டாக என் மடி நனைந்தது. குனிந்து பார்த்தால், மேசையில் சாவித்துவாரம்!

மேசைக்கு எதற்குச் சாவித்துவாரம்? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கேட்டுவிட்டேன். வீடே சிரித்தது, தையல்காரம்மாவைத் தவிர.

2

எப்படித் தொடங்குவது என்று மண்டையை உடைத்துக்கொண்டேன்.

வீடு என்பது வெறும் செங்கல்லும் சிமென்ட்டும் அல்ல, அது— (போதும், போதும். இதை யாராவது காலண்டரில் போட்டுக்கொள்ளட்டும்.)

சூரியன் எழும்போதே குடும்பத் தலைவரும் கையில் கொத்தனார் கரண்டியோடு— (பொய். இரண்டாவது டீ உள்ளே போகாமல் அவர் செங்கல்லைத் தொட மாட்டார்.)

3

குடும்பத் தலைவர் எலக்ட்ரீஷியன். ஊர் வீட்டுக்கெல்லாம் விளக்குப் போட்டுவிட்டு, லீவு நாட்களில் தன் வீட்டைத் தானே கட்டுகிறார். பெயர் எதற்கு? பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் வைத்த பட்டமே போதும்: நாளைக்கு.*

அஸ்திவாரம் தோண்டிய வாரமே தையல்காரம்மா மரக்கடைக்குப் போய், தன் தையல் கூலியில் ஒரு கதவு வாங்கி வந்துவிட்டார். சுவரே இல்லாத மனையில் கதவு வந்து இறங்கியது.

"இது எந்த ரூமுக்கு?"

"என் ரூமுக்கு."

வரைபடத்தில் அப்படி ஓர் அறை இல்லை. கேட்டதும் கணவர் மறுக்காமல் வரைந்து கொடுத்தார், அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். தையல் மெஷின் போட, அளவெடுக்க, கொஞ்ச நேரம் யாருக்கும் அம்மாவாக இல்லாமல் உட்கார. (கடைசியில் உள்ளது அவர் என்னிடம் சொன்னதில்லை. எழுதுகிறவர் என்கிற உரிமையில் அவர் மனசுக்குள் புகுந்து பார்த்துவிட்டு வந்தேன்.)

சுவர் எழும்பியது. கதவு மாட்டுவதற்குள் மூத்தவள் பரீட்சையில் தேறிவிட்டாள். விருந்துக்கு மேசை? இரண்டு பெயின்ட் டிரம், மேலே கதவு, அதன்மேல் விரிப்பு. பிரமாதமான மேசை என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

* காதில் விழுந்திருக்கிறது. கோபப்படலாமா என்று யோசித்து, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

4

அதோடு தொலைந்தது. பிறந்தநாள், கல்யாண நாள், மாடிப்படி முடிந்த நாள், கணவருக்குக் கம்பெனியில் பதவி உயர்வு. நல்லது நடக்க நடக்கக் கதவு படுத்தே கிடந்தது. அறைக்குத் திரைச்சீலை போட்டார்கள். திரைச்சீலைக்கு யார் மரியாதை கொடுப்பார்கள்? "அம்மா, உள்ள இருக்கியா?" என்று கேட்பதற்கு முன்பே தலை உள்ளே வந்துவிடும்.

"ஏங்க, கதவை எப்ப மாட்டுவீங்க?"

"நாளைக்கு."

"நாளைக்கு உங்க தங்கச்சி வீட்டுக்காரங்க வர்றாங்களே."

"பாத்தியா? அப்ப மேசை வேணும்ல?"

தையல்காரம்மாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு நல்ல நாளும் என் தலையில்தான் விடியணுமா என்று நினைத்தார். பெற்ற பிள்ளைகளின் நல்ல நாளை இப்படி நினைக்கலாமா என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

5

அடுத்து, மூத்தவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிற விருந்து. வண்ண விளக்கு, சிரிப்பு, கதவின்மேல் புது விரிப்பு என்று ஜோராக எழுதிக்கொண்டு போனேன்.

"ஏங்க, நீங்களுமா?" என்றார் தையல்காரம்மா. (நேரில் இல்லை, தாளில்.) "நம்பருக்கு நம்பர் விசேஷம் வைக்கறீங்க. நல்லாத்தான் எழுதறீங்க, இல்லேங்கல. என் கதவை எந்த நம்பர்ல மாட்டுவீங்க?"

"அடுத்ததில்" என்றேன்.

அவர் பார்த்த பார்வையில், எனக்கும் ஒரு பட்டம் கிடைத்துவிட்டது என்று தெரிந்தது.

6

முடிவு ஒன்று: கணவர் மனம் மாறி, அதிகாலையில் எழுந்து தானே கதவை— (நீங்கள் சிரிப்பது கேட்கிறது.)

முடிவு இரண்டு: பிள்ளைகள் சேர்ந்து நிஜமான மேசை வாங்கித் தர, அம்மா கண்கலங்கி அணைத்து— (எனக்கே பிடித்துப்போய்விட்டது. ஆனால் அவர் கேட்டது மேசையா?)

7

நிச்சய விருந்தன்று எல்லோரும் கடைக்குப் போயிருந்த சமயம் பார்த்து, தையல்காரம்மா தச்சரைக் கூப்பிட்டுவிட்டார். கதவைப் புரட்டிப் பார்த்த தச்சர் முகம் சுளித்தார். ஒரு பக்கம் முழுக்க டம்ளர் வட்டம், சூட்டுத் தழும்பு, பழச்சாற்றுக் கறை.

"இந்தப் பக்கம் வெளிய தெரிஞ்சா அசிங்கமா இருக்கும்மா."

"உள்பக்கமா வைங்க. அதெல்லாம் எங்க வீட்டு நல்ல நாளுங்க. நான் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்."

கதவு எழுந்து நின்றது. தச்சர் போனதும் அவர் உள்ளே போனார். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இத்தனை நேரம் கேட்காமல் கொள்ளாமல் அவர் மனசுக்குள் போய்வந்துகொண்டிருந்த நானும் இப்போது வெளியேதான் நிற்கிறேன். நானும் அவருக்குத் திரைச்சீலை மரியாதைதான் கொடுத்திருக்கிறேன்.

(சாவித்துவாரம் இருக்கிறதே என்கிறீர்களா? பார்த்தேன். உள்ளேயிருந்து துணி செருகியிருக்கிறது. தையல்காரம்மாவிடம் துணிக்கா பஞ்சம்?)

கூடத்தில் டிரம் இரண்டும் தயார். விருந்தாளிகள் தெருமுனைக்கு வந்துவிட்டார்கள். "அம்மா, மேசை எங்க?" என்று ஓடிவந்த சின்னவன் மூடிய கதவைப் பார்த்து நின்றுவிட்டான். பின்னால் வந்த அப்பா, வழக்கம்போலத் திரையை விலக்கக் கையை நீட்டினார். திரை இல்லை. நீட்டிய கையை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. அந்த அறையை யாரும் தட்டிப் பழகியதில்லை.

"நீங்க தட்டுங்களேன்" என்கிறார் என்னிடம், மெதுவாக.

எனக்கு அந்த யோக்கியதை இல்லை. உங்களைத்தான் முன்னால் தள்ளுகிறேன். தட்டுவதும் திரும்பிப் போவதும் உங்கள் இஷ்டம். தட்டினால், உள்ளேயிருந்து "யாரு?" என்று கேட்பார். இந்த வீட்டில் அவர் அப்படிக் கேட்பது இதுதான் முதல் தடவை. பதில் சொல்லுங்கள். மேசையைப் பற்றி மட்டும் பேச்சே எடுக்காதீர்கள்.