துடுப்பு மறுப்பு

நிருபர் எழுதி அனுப்பிய தலைப்பு, ‘எங்களை விற்க மாட்டோம்: துடுப்பு நிறுவனம்’. செய்தி ஆசிரியர் அதை மூன்று நொடி பார்த்தார். இணையதளத்தில் ஏறியது, ‘விற்பனைப் பேச்சு: துடுப்பு மறுப்பு’.

தலைப்புகளை ஒலி ஒத்து முடியும்படி வைப்பதால் அவருக்கு அலுவலகத்தில் ‘எதுகை’ என்று பட்டப்பெயர். வரி முடிவில் ஒலி ஒத்து வந்தால் அது இயைபு என்று திருத்த அங்கே யாருக்கும் நேரம் இருந்ததில்லை.

துடுப்பு முப்பது பேர் கொண்ட நிறுவனம். பெரிய கிடங்குகளில் எந்தச் சரக்கு எந்த அடுக்கில் இருக்கிறது என்று காட்டும் மென்பொருள் செய்கிறது. அதே தொழிலில் இருக்கும் பெரிய நிறுவனம் ஒன்று போன வாரம் அதை விலைக்குக் கேட்டது. நிறுவனர் முடியாது என்றார். எட்டு மாதப் பழக்கத்தில் நிருபரிடம் மட்டும் அதைச் சொன்னார். காரணம், இன்று நான்கு மணிக்கு அவருடைய முதலீட்டாளர்கள் கூடுகிறார்கள். பெரிய இடமே தேடி வந்தது என்று ஊருக்குத் தெரிந்தால் இன்னும் ஓராண்டு பொறுப்பார்கள். இல்லாவிட்டால் கையை விரிப்பார்கள்.

பன்னிரண்டு மணிக்குள் போட்டி இணையதளங்கள் தலைப்பை மட்டும் படித்துவிட்டுத் தங்கள் பங்குக்கு எழுதின: விற்பனைப் பேச்சே நடக்கவில்லையாம், துடுப்பு சொல்கிறது. பெரிய நிறுவனத்துக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. ஆமாம், நாங்கள் யாரிடமும் பேசவில்லை என்று இரண்டு வரி அறிக்கை விட்டது. அது விலைக்குக் கேட்டதெல்லாம் தொலைபேசியில். ஆதாரமாகக் காட்ட நிறுவனரிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

நிருபர் எதுகையின் மேசைக்குப் போனார்.

“சார், அவர் விக்க மறுத்தார். பேச்சு நடந்ததை மறுக்கலை.”

“மறுத்தாரா, இல்லையா?”

“மறுத்தார்.”

“அதைத்தானேம்மா போட்டிருக்கேன்?”

செய்தியை முழுக்கப் படித்தால் தெரியாதா என்று அவர் கேட்டார். நீங்கள் படித்தீர்களா என்று நிருபர் கேட்டார். பக்கத்து மேசைக்காரர் இருமலை அடக்கிக்கொண்டார். அரை மணி நேர வாதத்துக்குப் பிறகு எதுகை வேண்டாவெறுப்பாக ஒரு விளக்கம் போட்டார்: ‘பேச்சு நடந்ததைத் துடுப்பு மறுக்கவில்லை, மறுத்தது விற்பனையை’. அதைப் பார்த்த ஒரு போட்டி இணையதளம், ‘மறுப்பை மறுத்தது துடுப்பு’ என்று போட்டது. அன்றைக்கு அதிகம் படிக்கப்பட்ட செய்தி அதுதான். கருத்துப் பெட்டியில் ஒருவர், முதலில் இவர்கள் ஒரு முடிவுக்கு வரட்டும் என்று எழுதியிருந்தார்.

நிறுவனரை நிருபர் ஆறு முறை அழைத்தார். எடுக்கவில்லை. ஐந்தரைக்கு அவரே கூப்பிட்டார். குரலில் கோபம் இல்லை. திட்டினால் தேவலை என்றிருந்தது நிருபருக்கு.

“கூட்டம் நடக்கும்போதே அந்தப் பெரிய கம்பெனிகிட்டேருந்து மெயில் வந்துச்சு மேடம். இப்பதான் முதல் தடவையா கேக்கறாங்களாம். விலை, போன வாரம் சொன்னதுல பாதி.”

“முதலீட்டாளருங்க என்ன சொன்னாங்க?”

“கிடைச்ச வரைக்கும் லாபம்னாங்க. கையெழுத்துப் போட்டுட்டேன்.”

மன்னிச்சுடுங்க சார் என்றார் நிருபர். அதை அவர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

“எது நடந்தாலும் முதல்ல உங்களுக்குத்தான்னு சொல்லியிருந்தேனே. அதான் கூப்பிட்டேன். துடுப்பை வித்துட்டாங்கன்னு போடுங்க. அதுக்கு ரெண்டு அர்த்தம் கிடையாது.”