சிறகைப் பிரித்த மத்தியானம்

அந்த இரண்டு நிறங்களின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் எந்தத் தெரு, எந்த ஆட்கள் என்று உடனே கண்டுபிடித்துவிடுவீர்கள். அப்புறம் அடிபட்ட பையனை மறந்துவிட்டு, ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்து உட்கார்ந்துவிடுவீர்கள். எங்கள் சீமையில் நிறம் என்றாலே அப்படித்தான். கம்பத்திலிருந்து ஆண்டிபட்டி வரைக்கும் பஸ் ஸ்டாப், தண்ணீர்த் தொட்டி, பாலத்துச் சுவர் ஒன்றையும் விட்டுவைக்காமல் பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறார்கள்.

என் பெயர் சண்முகத்தாய். சின்னமனூருக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் தையல் கடை வைத்திருக்கிறேன். ரவிக்கை, சுடிதார், பள்ளிக்கூடத்து யூனிபார்ம் எல்லாம் தைத்தாலும், கடை ஓடுவது கொடியால்தான். தலைவர் பிறந்தநாள், நினைவுநாள், மாநாடு என்று எல்லாத் தெருக்காரர்களும் என்னிடம்தான் வருவார்கள். ஒருவர் கொடியை இன்னொருவர் கண்ணில் படாமல் தைத்துக் கொடுப்பதே தனித் தொழில்.

என் கடையில் ஓவியா என்று ஒரு பெண் வேலை பார்க்கிறாள். கீழத்தெருப் பெண். கை அவ்வளவு சுத்தம். அவள் தம்பி சுருளிராஜன் தேனியில் காலேஜ் முதல் வருஷம். அப்பா இல்லாத வீடு. அம்மா மாரீஸ்வரி தினமும் ஜீப்பில் மலையேறி ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போய் வருகிறவள். ஓவியாவுக்குத் தம்பி என்றால் உயிர். காலேஜ் விழாவில் ஆடப்போகிறேன், எல்லாரும் டிசைன் போட்ட ஜீன்ஸ் கோட்டு போட்டு வருகிறார்கள் என்று அவன் ஒரு தடவை சொன்னான். அதுவே அவளுக்குப் போதும்.

யாரோ போட்டுப் பழசாக்கின ஒரு நீல ஜீன்ஸ் கோட்டைச் சந்தையில் வாங்கி வந்தான். அவள் போனில் வீடியோ பார்த்துப் பார்த்து அதை மாற்றினாள். காலருக்கு வெள்ளி லேஸ், பாக்கெட் ஓரத்தில் ஊக்கு வரிசை, முழங்கையில் கண்ணாடிச் சில்லு. முதுகில்தான் பெரிய வேலை. பளபளவென்ற சாட்டின் துணியைக் கீற்றுக் கீற்றாக நறுக்கி, இறகு இறகாக அடுக்கி, இரண்டு சிறகு தைத்தாள். கையைத் தூக்கினால் சிறகு விரியும். கடைசி இறகுகள் இடுப்புக்குக் கீழே தொங்கும். போட்டுக் காட்டினபோது பையன் கடைக்குள்ளேயே ஒரு ஆட்டம் ஆடினான். நாங்கள் கை தட்டினோம்.

அந்தச் சாட்டின், மேலத்தெருக்காரர்களின் கொடி ஆர்டரில் மிஞ்சிய வெட்டுத்துணி.

தெரியாமலா செய்தாள் என்று பிறகு எல்லாரும் கேட்டார்கள். அவளுக்கு அது கொடியாகவே தெரியவில்லை என்று நான் எத்தனை பேரிடம் சொல்வது? காலையிலிருந்து பொழுது சாயும்வரை அந்தத் துணியைக் கட்டுக் கட்டாக வெட்டித் தைக்கிறவளுக்கு அது வெறும் துணி. வெளியே இருப்பவனுக்குத்தான் அது மானம், வீரம், வெங்காயம் எல்லாம். நான் பார்த்தபோதும் எனக்கு ஒரு பறவைதான் தெரிந்தது.

விழா முடிந்து வந்தவன் மேலத்தெரு பஸ் ஸ்டாப்பில் இறங்கி, கூட்டாளிக்காகத் திண்டில் உட்கார்ந்திருக்கிறான். தொங்கிய இறகுகள் அவன் பிட்டத்துக்கு அடியில். ஒருத்தன் போட்டோ எடுத்துவிட்டான். 'நம்ம கொடிமேல உக்காந்திருக்கான் கீழத்தெருப் பய' என்று எழுதி வாட்ஸப்பில் போட்டுவிட்டான். பையன் எழுந்து நடந்து அந்தத் தெருவைத் தாண்டுவதற்குள் ஆள் கூடிவிட்டது. எதால் அடித்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. மண்டையில் அடி.

தேனி ஆஸ்பத்திரியில், வண்டியிலிருந்து விழுந்தான் என்று சொல்லிச் சேர்த்தார்கள். அப்படிச் சொல்லச் சொன்னது அவன் சொந்தப் பெரியப்பா செல்வமணி. கேஸ் என்று போனால் ஊர் இரண்டாகிவிடுமாம். ஊர் என்றைக்கு ஒன்றாக இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. மேலத்தெருவுக்குப் பெரியாள் ராஜமணி, கீழத்தெருவுக்குச் செல்வமணி. இரண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். அடித்ததைப் பற்றிப் பேச்சில்லை. கொடிக்கு நடந்த அவமரியாதைக்கு என்ன பதில் என்பதுதான் பேச்சு.

முடிவு இதுதான்: கொடித் துணியை வெட்டக் கூடாது, கிழிக்கக் கூடாது, எரிக்கக் கூடாது. தைத்தவளே ஊர் கூடும் மந்தையில் எல்லார் முன்னாலும் உட்கார்ந்து, தையலைப் பிரித்து, துணியை மடித்து மரியாதையாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது. பையன் குணமாகி வந்து எப்போதும்போல அந்தத் தெரு வழியாகப் போகலாம், வரலாம். வேறு வழியும் கிடையாது, பஸ் அங்கேதான் நிற்கும்.

மாட்டேன் என்று சொல்லிவிடச் சொன்னேன். ஓவியா கேட்கவில்லை.

"அக்கா, அவன் வீட்டுக்கு வரணும்ல. அம்மா ஆஸ்பத்திரியில கெடந்து அதத்தான் சொல்லுது. பிரிச்சுக் குடுத்துட்டா விட்ருவோம்னு சொல்லிட்டாக."

சனிக்கிழமை மத்தியானம். மந்தையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு இரண்டு தெரு ஆட்களும் உட்கார்ந்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் பாலித்தீன் பையில் போட்டுக் கொடுத்த கோட்டை அவள் மடியில் விரித்தாள். காலரில் ரத்தம் காய்ந்து லேஸ் கறுத்திருந்தது. அதைப் பார்க்க எனக்குத்தான் தெம்பில்லை, அந்த ஆட்கள் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தையல்காரர்கள் பிளேடு வைத்துத்தான் தையல் பிரிப்போம். ஓவியா பிளேடை எடுத்ததும் ராஜமணி கையைக் காட்டினார்.

"பிளேடு வேணாம் ஆத்தா. துணி அறுந்துபோகும். ஊசியால எடு."

துவைத்தாலும் பிரியக் கூடாது என்று அவள் ஒவ்வொரு இறகையும் இரட்டைத் தையல் போட்டிருந்தாள். தம்பி சட்டையாச்சே. இப்போது ஊசி முனையால் ஒவ்வொரு தையல் கண்ணாக நெம்பி எடுத்தாள். ஜீன்ஸ் துணியில் ஊசி வழுக்கி விரலில் ஏறியது. ரத்தம் துணியில் படாமல் இருக்க விரலை வாயில் வைத்து உறிஞ்சினாள். டீ வந்தது. எல்லாரும் குடித்தார்கள். மழை பற்றியும் வாழைத்தார் விலை பற்றியும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டு தெரு ஆட்களும் இப்படிச் சேர்ந்து உட்கார்ந்து டீ குடித்து நான் பார்த்ததே இல்லை.

"என்ன ஆத்தா, வெரசா முடியாதா?" என்றார் செல்வமணி. சொந்தப் பெரியப்பா.

"நல்லாத் தச்சுப்புட்டேன் பெரியப்பா," என்றாள் அவள்.

இடது சிறகு முழுவதும் வந்துவிட்டது. இறகுகளை நீவி, மடித்து, தாம்பாளத்தில் வைத்தாள். வலது சிறகில் கையை வைத்தபோது என் போன் அடித்தது. மாரீஸ்வரி. எடுத்துக் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் பேச்சே இல்லை, அலறல்தான். அதற்கு அர்த்தம் கேட்க வேண்டியதில்லை. நான் போனைக் கீழே இறக்கவும், ஓவியா என் முகத்தைப் பார்க்கவும் சரியாக இருந்தது.

"போயிட்டானா?" என்றாள்.

என்னால் தலையைத்தான் ஆட்ட முடிந்தது.

அவள் அழவில்லை. ஊசியைப் பிடித்த கை அப்படியே நின்றது. முதலில் சுதாரித்தது ராஜமணிதான். இதுவரை அடிதடி, இனிமேல் கொலை என்று அவருக்கு உடனே விளங்கிவிட்டது.

"பிரிச்சது போதும் ஆத்தா. அந்தக் கோட்ட இங்கன குடு," என்று கையை நீட்டினார். எங்கே போய்ப் புதைக்கலாம் என்று யோசிப்பது அவர் கண்ணில் தெரிந்தது.

செல்வமணி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "ஏத்தா, அவுகட்டக் குடுக்காத! எங்கிட்டக் குடு. இதக் கம்புல கட்டி ஊர்வலம் போனா ஒரு பய தலை நிமிர முடியாது." கொஞ்ச நேரத்துக்கு முன்னால், வெரசா முடியாதா என்று கேட்ட அதே வாய்.

இரண்டு கைகள் அவள் மடிக்கு நேராக நீண்டன. ஒன்று ஒளிப்பதற்கு, ஒன்று கொடியாக்குவதற்கு. அந்த நேரத்தில் அந்த இரண்டு கைகளையும் ஒடித்துப் போட வேண்டும் என்றுதான் எனக்கு வந்தது. கடவுள்மேல் சத்தியமாக வந்தது.

ஓவியா எழுந்தாள். கோட்டை உதறி, சுடிதாருக்கு மேலே மாட்டிக்கொண்டாள். அவளுக்கு அது பெரிசு. கைகள் விரல்நுனி வரை வந்து மூடின. முதுகில் ஒரு பக்கம் பிரித்த நூல்கள், ஒரு பக்கம் சிறகு. ரத்தம் காய்ந்த காலரை இழுத்துக் கழுத்தோடு சேர்த்துப் பித்தான் போட்டாள்.

"இதக் கழட்டணும்னா போலீஸ்காரவுக வந்து கேக்கட்டும், கழட்டித் தாரேன்," என்றாள்.

மேலத்தெருப் பக்கம் அவள் நடக்க ஆரம்பித்தாள். தேனி பஸ்ஸுக்குத்தான். ராஜமணி பின்னாலேயே போனார். குரல் கெஞ்சலாக மாறியிருந்தது.

"ஆத்தா, அந்தத் தெரு வழியா இதப் போட்டுட்டுப் போகாத. பயலுக நிக்கிறாங்கெ. என்னால ஒண்ணும் சொல்ல முடியாது."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"இந்தத் தெரு வழியா அவன் வீட்டுக்கு வரணும்னுதான் இம்புட்டு நேரமும் உங்க பேச்சக் கேட்டேன். இனி வர்றதுக்கு ஆள் இல்ல. நிக்கிற பயலுகள நல்லாப் பாக்கச் சொல்லுங்க."

நான் தாம்பாளத்தை அப்படியே விட்டுவிட்டு அவள் பின்னால் ஓடினேன்.