மூன்றாவது சதுரம் வரை

படகில் ஏறும் முன்பே சிக்னே ஒவ்வொருவரின் உடுப்பையும் சோதித்தாள். அவள் நார்வேக்காரி. வடதுருவத்தை ஒட்டிய அந்தப் பாதுகாக்கப்பட்ட தீவுக்குள் ஆராய்ச்சிக்காரர்களைக் கூட்டிப்போகும் வழிகாட்டி. தோளில் துப்பாக்கி, தோள்பையில் பனிக்கரடியை விரட்டும் வெடிகள். தோலை ஒட்டி என்ன போட்டிருக்கிறாய் என்று ஓவியாவிடம் கேட்டாள்.

கம்பளி என்றாள் ஓவியா. சொல்லி முடிக்கும் முன்பே காது சுட்டது.

கம்பளி இருந்தது உண்மைதான். அதற்கும் உள்ளே, அம்மா தைத்த முழுக்கை நூல் பனியன் இருந்தது.

அம்மா வேலுத்தாய்க்கு ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை. வாசலில் நின்று பெண்களின் துணியைச் சோதித்து உள்ளே விடவேண்டும். முந்தானையை இரண்டு விரலால் தேய்த்தே நூலா நைலானா என்று சொல்லிவிடுவாள். நைலான் என்றால் அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பவேண்டியதுதான். உராய்ந்தால் பொறி வரும், மருந்து அறைக்கு ஒரு பொறி போதும். வேலுத்தாயின் அக்கா மகள் சண்முகத்தாயின் முதுகில் சேலை உருகி ஒட்டிய இடம் இன்னும் சுருங்கித்தான் கிடக்கிறது. ஓவியாவும் கல்லூரி லீவில் அங்கே திரி வேலை பார்த்தவள். உள்ளே போகும் முன் உடம்பில் சேர்ந்த மின்சாரம் இறங்கச் செம்புத் தகட்டைத் தொட்டுத் தொட்டு, இப்போதும் எந்தக் கதவைக் கண்டாலும் கை தானாக நீளும்.

பயணத்துக்கான உடுப்புகள் வந்த அன்று வேலுத்தாய் அதிலிருந்த நைலான் ஜாக்கெட்டைத் தேய்த்துப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. பருத்தி அங்கே ஆகாது, வேர்வையைக் குடித்துக்கொண்டு குளிரை உடம்போடு ஒட்டவைத்துவிடும் என்று உடுப்புகளோடு வந்த தாளில் கொட்டை எழுத்தில் போட்டிருந்ததை ஓவியா வாசித்துக் காட்டினாள்.

"அங்கன போயி எங்கிட்டு வேர்க்கப் போகுது?" என்றாள் வேலுத்தாய். "மேல என்ன கருமத்தையும் போட்டுக்கோ. மேலுல படுறது நூலா இருக்கட்டும்."

ஓவியா சரி என்றாள். அம்மாவுக்காக என்று சொல்லிக்கொண்டாலும், உள்ளே நூல் இல்லாமல் நைலானுக்குள் நுழைய அவளுக்கே பயம்தான்.

வேர்க்கத்தான் செய்தது. கரையிலிருந்து பாறைக்குப் போக ஒன்றரை மணி நேர ஏற்றம். முதுகில் அளவைச் சட்டமும் கேமராவும். பாசிமேல் மிதிக்கக் கூடாது, ஒரு கூழாங்கல்லைக்கூட இடம் மாற்றக் கூடாது. மரம் என்று ஒன்று கண்ணுக்கெட்டிய தூரம் வரை இல்லை. நம்ம கரிசக்காட்டை வெளுத்துப் போட்ட மாதிரி இருக்குல்ல என்று ஞானதீபம் மேடம் சிரித்தார். விருதுநகர்க்காரர், மாலை வகுப்பில் ஓவியாவின் பேராசிரியை. ஆலங்குளம் சுண்ணாம்புப் பாறைகளில் ஓவியா கல்பாசியை அளந்த விதத்தைப் பார்த்துத்தான் இந்தக் குழுவில் சேர்த்திருந்தார். ஒன்பது வருஷத்துக்கு முன் வேறொரு குழு அளந்த இருபது சதுரங்களில் கல்பாசி எவ்வளவு படர்ந்திருக்கிறது என்று மறுபடி அளக்கவேண்டும். ஒரே ஒரு நாளுக்குத்தான் அனுமதி. அதற்கே இரண்டு வருஷம் காத்திருந்தார்கள்.

மேடம் சட்டத்தை வைத்துப் படம் எடுத்தார். ஓவியா அளந்து எழுதினாள். சிக்னே கரடிக்குக் காவல் நின்றாள். முதல் சதுரம், இரண்டு, மூன்று. நடை நின்றதும் பனியன் குளிர ஆரம்பித்தது. ஈரத் துணியை யாரோ முதுகில் சுற்றி இறுக்குவதுபோல் இருந்தது. சொல்லிவிடலாம். சொன்னால், இருப்பது ஒரே துப்பாக்கி, ஒருவர் திரும்பினால் மூன்று பேரும் திரும்பவேண்டும். இரண்டு வருஷம் போச்சு. ஒரு பனியனால் போச்சு என்று மேடத்தின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? கொஞ்சம் பொறுத்தால் பழகிவிடும் என்று நினைத்துக்கொண்டாள். ஐந்து, ஆறு. நடுக்கம் பல்லுக்கு வந்தது. எட்டு, ஒன்பது. அப்புறம் நடுக்கம் தானாகவே குறைந்தது. அப்பாடா என்று இருந்தது.

பத்தாவது சதுரத்தை எழுதப் போனபோது நோட்டில் ஏழு இரண்டு இடத்தில் இருந்தது. எட்டைக் காணவில்லை. ஒரு வரியில் அகலம் நீளத்தைவிடப் பெரிதாக இருந்தது. தன் கையெழுத்துத்தானா என்று உற்றுப் பார்த்தாள். நடுக்கம் நிற்பது நல்லதற்கு இல்லை என்று தாளில் இருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"மேடம், உள்ள நூல் பனியன் போட்டிருக்கேன். நனைஞ்சிருச்சு."

நாக்கு குழறியது. மேடம் சிக்னேயைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

சிக்னே சிவப்பு நைலான் உறை ஒன்றை உதறி, மூன்று பேர் தலைக்கும் மேலாகக் கூடாரம்போல் இழுத்துவிட்டாள். தன் பையைப் பக்கத்தில் வைத்து, உள்ளிருந்து ஒரு செயற்கை இழைச் சட்டையை எடுத்து உதறினாள். அது படபடவென்று பொரிந்தது.

ஓவியா இரண்டு கையையும் மார்போடு கட்டிக்கொண்டாள். கழற்று என்றார்கள். மாட்டேன் என்று தலையாட்டினாள். கண் அந்தப் பையைவிட்டு நகரவில்லை.

"வெடி இருக்கு மேடம். உள்ளதான இருக்கு. அதை வெளிய எடுக்கச் சொல்லுங்க, அப்பத்தான் கழட்டுவேன்."

தோட்டாவெல்லாம் மூடி முத்திரையிட்டவை, சட்டைப் பொறியில் ஒன்றும் ஆகாது என்றாள் சிக்னே. அது ஓவியாவுக்கும் தெரியும். தெரிந்தும் கை இறங்கவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது. அவள் உதடு நீலம் பாய்ந்திருந்தது.

மேடம் ஆங்கிலத்தில் வேகமாகச் சொன்னார்: இவள் பட்டாசு ஊர்க்காரி, எடுத்துக்கொண்டு போ. சிக்னே ஒரு கணம் யோசித்துவிட்டு, பையோடு வெளியே போய் நின்றாள்.

"இப்ப கழட்டு ஆத்தா," என்றார் மேடம். குரல் தணிந்திருந்தது. பனியன் தோலோடு ஒட்டிக்கொண்டு வரவில்லை. மேடம் கத்தரியால் முதுகில் கிழித்து உரித்தார். செயற்கைச் சட்டை தலைவழியாக இறங்கியபோது முடியெல்லாம் எழுந்து சடசடத்தது. ஓவியா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, மேடத்தின் கையைப் பிடித்திருந்தாள். பிடி வலித்திருக்கும். மேடம் கையை எடுக்கவில்லை. சர்க்கரை கரைத்த வெந்நீரை மடக்கு மடக்காகக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் திரும்ப வந்தது, பல் கிட்டியது. அது நல்லது என்று வெளியிலிருந்து சிக்னே சொன்னாள். அளவை போதும், கிளம்பலாம் என்றும் சொன்னாள்.

திரும்பும் படகில் ஏறினார்கள். கிழிந்த பனியன் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் காலடியில் கிடந்தது. ஓவியா மன்னிப்புக் கேட்டாள். மேடம் நோட்டை வாங்கிப் புரட்டிக்கொண்டே இருந்தார்.

"எது வரைக்கும் உன் அளவை நம்பலாம்?"

ஒன்பது என்று வாய்வரை வந்தது. ஆறு என்றாலாவது கொஞ்சம் மிஞ்சும். ஓவியா ஒவ்வொரு வரியாகத் திரும்பப் பார்த்தாள். நான்காவதிலேயே ஒரு எண்ணை எழுதி, அடித்து, மறுபடி அதே எண்ணை எழுதியிருந்தாள். ஏன் அடித்தோம் என்று ஞாபகமில்லை.

"மூணு, மேடம்."

மேடம் பேனாவை நீட்டினார். "நீயே அடி."

நான்கிலிருந்து ஒன்பது வரை ஓவியா குறுக்கே கோடு போட்டாள். படகு ஆடியதில் கோடு கோணியது. கடைசிக் கட்டம் காரணத்துக்கானது. குளிர் என்று எழுதினாள். அதையும் அடித்தாள். நனைந்த நூல் பனியன், அளந்தவர் போட்டிருந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.