கதவுக்கு வெளியே ஒரு நாற்காலி

அந்த விதியை எழுதியவள் அவளேதான். ஊரைக் குறை சொல்ல வழியில்லை. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை அரசாங்கச் செலவில் செய்து காட்டியவள் அவள்.

வீட்டில் அவளுக்குப் பெரியவள் என்று பெயர், தம்பி சின்னவன். வெளியுலகுக்கு அவள், மனிதர்கள் மேல் நடத்தப்படும் மருந்து ஆராய்ச்சிகளைக் கண்காணிக்கும் தேசிய வாரியத்தின் சட்ட அதிகாரி. அதில் ஓட்டுள்ள உறுப்பினரும்கூட. வாரியம் புதிது. அது வருவதற்கு முன் ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தனக்கென்று ஒரு குழு வைத்துக்கொண்டிருந்தது. ஆராய்ச்சி செய்கிற டாக்டர், அவருடைய மைத்துனர், அவருக்குப் பாடம் சொன்ன பேராசிரியர் ஆகியோர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, தட்டில் பிஸ்கட் தீர்வதற்குள் ஒப்புதல் கொடுத்துவிடுவார்கள். பரீட்சை எழுதியவனே தாளைத் திருத்திக்கொள்கிற கதை. இதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தவள்தான் பெரியவள். சட்டம் எழுதும் வேலை கைக்கு வந்ததும் ஒரு ஓட்டை விடாமல் அடைத்தாள்.

உறுப்பினரின் நெருங்கிய உறவினர் யாராவது ஓர் ஆராய்ச்சியில் சம்பளம் வாங்கினால், அந்த உறுப்பினர் எழுந்து வெளியே போய்விட வேண்டும். அவர் எழுதிய குறிப்புகளையும் கோப்பிலிருந்து எடுத்துவிட வேண்டும். அதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசக் கூடாது, கேட்கவும் கூடாது. கூட்டத்துக்கு முதல் நாள் உறவினரை ராஜினாமா செய்ய வைத்துவிட்டு யோக்கியர் போல வந்து உட்காரும் ஆட்களையும் அவள் பார்த்திருக்கிறாள். அதனால், வேலையை விட்டாலும் ஓராண்டு வரை உறவு உறவுதான் என்று ஒரு வரி சேர்த்தாள். அந்த வரியை எழுதிய அன்று அவளுக்குத் தன் மேலேயே ஒரு மெச்சுதல் வந்தது. கர்வம் என்றே சொல்லலாம்.

இன்னொரு விதியும் அவள் கைங்கரியம்தான். எந்த ஆராய்ச்சிக்கும் முடிவெடுக்குமுன் கூட்ட அறையின் கதவைத் திறந்து, “இதைப் பத்தி யாராவது பேசணுமா?” என்று நடைபாதையைப் பார்த்து மூன்று முறை கேட்க வேண்டும். மருந்தைத் தின்கிறவன் வந்து பேசட்டும் என்பது அவள் எண்ணம். வாரியத்தில் எல்லோரும் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். கேட்கிற வேலை அலுவலக உதவியாளருக்கு. அன்றிலிருந்து அவருக்குக் கதவுக்காரர் என்றே பெயராகிவிட்டது. அவர் ஒவ்வொரு கூட்டத்திலும் வெற்று நடைபாதையிடம் மூன்று முறை கேட்பார், சுவர் பதில் சொல்லாது, கதவைச் சாத்துவார். ஒரே ஒரு தடவை தண்ணீர் கேன் கொண்டுவந்தவர், “எங்க வைக்கணும்?” என்று கேட்டார். அதைக் கூட்டக் குறிப்பில் ஏற்றவில்லை.

இப்படி இருக்கையில்தான் அந்தக் கோப்பு வந்தது. பெரிய தையல் ஆலை ஒன்றில், நாள் முழுக்கக் குனிந்து தைக்கும் பெண்களுக்கு ஒரு புது வலி மாத்திரை. சிறிய அளவில் அந்தச் சோதனை ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது, பழைய ஆஸ்பத்திரிக் குழு ஒன்றின் ஆசீர்வாதத்தோடு. இனி நாட்டின் எல்லாத் தையல் ஆலைகளுக்கும் கொண்டுபோக வாரியத்தின் அனுமதி வேண்டும். பெரியவள் படித்தாள். சம்மதக் கையெழுத்தை ஆலைக்குள்ளேயே வாங்குகிறார்கள். வாங்கும்போது சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கிறார். ‘விருப்பமில்லையென்றால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்’ என்று தாளில் இருக்கிறது. சம்பளம் போடுகிற ஆள் முதுகுக்குப் பின்னால் நிற்கையில் விலகுகிறேன் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? இதை நிறுத்த வேண்டும் என்று அவள் கறாராக எழுதி, கம்பெனிக்குக் கேள்விகளை அனுப்பினாள். மற்ற உறுப்பினர்கள் நல்லவர்கள்தான், ஆனால் சண்டை என்றால் காத தூரம் ஓடுகிறவர்கள். அவள் பேசினால் தலையாட்டுவார்கள். அவள் பேசாவிட்டாலும் தலையாட்டுவார்கள், வேறு பக்கமாக.

கேள்விகள் போன கொஞ்ச நாளில் சின்னவனுக்கு வேலை கிடைத்தது.

சின்னவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது தாண்டியவன், படித்தவன், யாருக்கும் கெடுதல் நினைக்காதவன். ஆனால் பெரிய மேஜைக்குப் பின்னால் நாலு பேர் உட்கார்ந்திருந்தால் அவனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எத்தனையோ நேர்முகத் தேர்வுகளுக்கு அக்காதான் கூடப் போயிருக்கிறாள். உள்ளே போகுமுன் உள்ளங்கைகளைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு, “வெளியதானே இருப்பே?” என்று கேட்பான். “இங்கதான் இருப்பேன், போ” என்பாள். போவான், போன வேகத்தில் வெளுத்துப் போய் வருவான். அப்படிப்பட்டவனை ஒரு கம்பெனி வீடு தேடி வந்து அழைத்தது. நேர்முகம்கூட இல்லை. நல்ல சம்பளம். தையல் ஆலையில் பெண்களுக்குத் தாளை வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கும் வேலை.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று அம்மா பூரித்துப் போனாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் “பையன் என்ன பண்றான்?” என்று கேட்டால் கதவைச் சாத்திக்கொள்கிறவள், இப்போது அவர்கள் கேட்பதற்காக வாசலிலேயே நின்றாள். எந்தக் கம்பெனி என்று சின்னவன் சொன்னான். பெரியவள் கேள்விகள் அனுப்பிய அதே மாத்திரைக் கம்பெனி. தற்செயலா, கணக்குப் போட்டுச் செய்ததா? நிரூபிக்க ஒன்றுமில்லை. வேலையை விடு என்று சொல்லலாம் என்றால், விட்டாலும் ஓராண்டு. ஆப்பை அசைத்த குரங்காகிவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்தது. ஆப்பைச் செதுக்கியதும் அவளே.

வாரியத் தலைவரிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். பழைய அறுவை சிகிச்சை டாக்டர், சாது. முடிவைத் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டதற்கு அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நீங்க எழுதினதுதானேம்மா. நீங்களே வளைச்சா, நாளைக்கு வளைக்க வர்றவனை நான் எந்த வாயால தடுப்பேன்?”

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க அவளால் முடியவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

வீட்டில் நரகம் வேறு மாதிரி நடந்தது. ஆரம்பத்தில் சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டு உற்சாகமாகப் போன சின்னவன், வர வரச் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார ஆரம்பித்தான். ஒரு நாள் தட்டைப் பார்த்தபடியே பேச்சைத் தொடங்கினான்.

“அக்கா, இன்னிக்கு ஒரு பொண்ணு தைச்சிட்டிருந்த மெஷின் மேலயே சாஞ்சுட்டா. மாத்திரை ஆரம்பிச்சதிலேர்ந்தே தலை சுத்துதுன்னு சொல்லிட்டிருந்தவ. காலைல சாப்பிடலைன்னு எழுதிக்கச் சொன்–”

“சொல்லாதே” என்றாள் பெரியவள். “என்கிட்ட சொல்லாதே. நான் கேக்கக் கூடாது.”

அவன் வாயைத் திறந்தபடியே நிறுத்தினான். அம்மாவுக்குக் கோபம் தலைக்கேறியது. “கூடப் பொறந்தவன் பேச வந்தா காதைப் பொத்திக்கிறதுதான் உன் சட்டமா? நல்ல சட்டம்டி” என்றாள். பெரியவள் எழுந்து போய்க் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். வாயுள்ளவர்கள் எல்லோரும் வந்து பேசட்டும் என்று கதவைத் திறந்து வைத்தவள், சொந்தத் தம்பியின் வாயை அடைத்துவிட்டு வந்திருக்கிறாள். அதன் பிறகு அவன் அவளிடம் அந்த வேலையைப் பற்றிப் பேசவே இல்லை.

கூட்ட நாள் வந்தது. கம்பெனியின் ஆள் நடைபாதையிலேயே அவளைப் பிடித்து வணக்கம் வைத்தார். மடிப்புக் கலையாத சட்டை, அதைவிட மடிப்புக் கலையாத சிரிப்பு.

“உங்க தம்பி தங்கமான பையன், மேடம். நாங்க அவரை விடறதா இல்லை.”

அவள் அவரைத் தாண்டி நடந்தாள். உள்ளே, தையல் ஆலைக் கோப்பைத் தலைவர் எடுத்ததும் தானே எழுந்தாள். தன் குறிப்புகளை உருவி எடுத்துக்கொண்டாள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் திடீரென்று தேநீர்க் கோப்பைகள் சுவாரசியமாகிவிட்டன. கதவுக்காரர் கதவைத் திறந்துவிட்டார். வெளியேறுகிறவர் உட்கார என்று நடைபாதையில் ஒரு நாற்காலி போட வேண்டும் என்பதும் அவள் எழுதியதுதான். அதில் உட்கார்ந்தாள். உள்ளே கம்பெனி ஆளின் குரல் வழவழவென்று ஓடுவது கேட்டது; வார்த்தைகள் பிடிபடவில்லை. பிடிபடாதபடி கனமான கதவாகப் போடச் சொன்னதும், சரி, விடுங்கள்.

அப்போது படிக்கட்டில் மூச்சிரைக்க யாரோ ஏறி வந்தார்கள். சின்னவன். கழுத்தில் எப்போதும் தொங்கும் கம்பெனி அடையாள அட்டையைக் காணோம்.

“அக்கா, விட்டுட்டேன். காலைல போய் எழுதிக் குடுத்துட்டேன்” என்றான். அவன் முகத்தில், பள்ளிக்கூடத்தில் முதல் பரிசு வாங்கிய நாளின் வெளிச்சம் இருந்தது. “இனிமே எனக்கும் கம்பெனிக்கும் சம்பந்தமில்லைல்ல? நீ உள்ள போ. சீக்கிரம் போ.”

இதைச் சொல்லாமலிருக்க என்ன வேண்டுமானாலும் கொடுத்திருப்பாள்.

“விட்டாலும் ஒரு வருஷம் ஆகணும்டா. சட்டத்துல அப்படி இருக்கு.”

“எந்த மடையன் எழுதினான் அதை?”

அவள் அவனைப் பார்த்தாள். அவனுக்குப் புரிந்தது. சுவரில் சாய்ந்தவன் அப்படியே வழுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வேலை, அதை அவளுக்காக விட்டுவிட்டு வந்திருக்கிறான், அதுவும் விழலுக்கு இறைத்த நீர். மெல்ல, “அந்தப் பொண்ணு...” என்று தொடங்கினான். அவள் கை தானாக உயர்ந்தது. அவன் நிறுத்திக்கொண்டான். அந்தக் கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது அவளுக்கு.

கதவு திறந்தது. கதவுக்காரர் தலையை நீட்டி, எதிரே தெரியும் சுவரைப் பார்த்து, “தையல் ஆலை மாத்திரை. இதைப் பத்தி யாராவது பேசணுமா?” என்று பழகிய சலிப்பில் கேட்டார்.

சின்னவன் நிமிர்ந்தான். “அக்கா, யாராவதுன்னா? நானும் பேசலாமா?”

பேசலாம். மருந்தைத் தின்றவர், கொடுத்தவர், பார்த்தவர், யார் வேண்டுமானாலும் பேசலாம். அந்த வரி அவளுக்கு மனப்பாடம். ஆனால் அவள் சொல்லக் கூடாது. அவள் தலையசைத்தால்கூட, அக்கா ஏவித் தம்பி பேசினான் என்று கம்பெனி ஆள் ஒரே வாக்கியத்தில் எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுவார். பிறந்ததிலிருந்து அவன் அவள் தலையசைப்பில்தான் அடியெடுத்து வைத்திருக்கிறான். இன்று அதற்குக்கூட வழியில்லை. இரண்டு கைகளாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி அசையாமல் இருந்தாள். பேசினால் இவனுக்கு இனி எந்தக் கம்பெனியும் வேலை கொடுக்காது என்பதும் அவளுக்குத் தெரியும். அதையும் சொல்லக் கூடாது.

“யாராவது பேசணுமா?” இரண்டாம் முறை கேட்கையில் கதவுக்காரரின் பார்வை சுவரிலிருந்து இறங்கித் தரையில் இருந்தவன் மேல் விழுந்தது.

சின்னவன் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அதில் ஒன்றும் கிடைக்கவில்லை. திறந்த கதவு வழியாக நீண்ட மேஜையும் அதைச் சுற்றி இருந்த முகங்களும் தெரிந்தன.

மூன்றாம் முறை கேட்பதற்குக் கதவுக்காரர் அவசரப்படவில்லை. செருமினார். கைப்பிடியில் இல்லாத தூசியைத் தட்டினார். வேறு வழியில்லாமல் கடைசியாகத்தான் கேட்டார். “யாராவது பேசணுமா?”

சின்னவன் எழுந்தான். உள்ளங்கைகளைப் பேன்ட்டில் அழுத்தித் துடைத்துக்கொண்டான்.

“நான் பேசணும்” என்றான். குரல் கம்மியிருந்தது, ஆனால் உள்ளே கேட்டது. வழவழக் குரல் பாதியில் நின்றது.

வாசலில் கால் வைத்தவன் திரும்பிப் பார்த்தான். “வெளியதானே இருப்பே?”

இதற்கு அவள் பதில் சொல்லலாம். எந்த விதியும் குறுக்கே இல்லை.

“இங்கதான்டா இருப்பேன். வேற எங்க போறது?”

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே ஒரு நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. பெரியவள் காதைக் கதவுப் பக்கம் திருப்பாமல், சட்டப்படி, நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வெளியே போனவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கூடாது என்று அவள் எங்கும் எழுதவில்லை. துடைத்துக்கொண்டாள்.