வால் பக்கம் நாலு புள்ளி

வீட்டில் மனைவியின் உடலைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். கிழவர் மக்காச்சோள வயலில் நின்று குருத்தைப் பிளந்துகொண்டிருந்தார்.

“அப்பா, எல்லாரும் உங்களைத் தேடுறாங்க. இப்பப் போய் இங்க என்ன வேலை?” வரப்பில் நின்ற மகளுக்கு அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது.

“நீ போ. வரேன்.”

இருபது நாளைக்கு முன்னால் சமையலறை விளக்கடியில் விழுந்த அந்துப்பூச்சியை மனைவி கிண்ணத்தால் கவிழ்த்து மூடினாள். “இறக்கை நுனியில வெள்ளைத் திட்டு பாருங்க. இது இங்கத்திய பூச்சி இல்ல. காத்துல ஏறி எங்கிருந்தோ வந்திருக்கு. இதோட புழு குருத்தையே தின்னுடுமாம்.”

“டிக்கெட் எடுத்துக்கிட்டு வந்துச்சாக்கும்!”

விதைக்கடையில் கொடுத்த நோட்டீஸை நீட்டினாள். புழுவின் தலையில் கவிழ்த்துப்போட்ட கவட்டை மாதிரி கோடு. வால் பக்கம் சதுரமாக நாலு கரும்புள்ளி. மருந்து விற்கிறவன் அச்சடித்ததை நம்புகிற ஆளா அவர்? அவள் பக்கத்து வயல்காரரிடம் சொல்லப்போனபோதும் முந்திக்கொண்டார். “இவளுக்கு வேற வேலை இல்ல. வழக்கமா வர்ற புழுதாம்ப்பா, போ.”

அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. நேற்றுக் காலை அடுப்படியில் சரிந்தவள் எழுந்திருக்கவில்லை.

இப்போது பிளந்த குருத்துக்குள் ஈர மரத்தூள் போல எச்சம். கிளறியதும் ஒரு புழு சுருண்டது. கண்ணருகே கொண்டுபோனார். வெறும் பழுப்புக் கோடாகத்தான் தெரிந்தது. கையை மூடிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

கூடத்தில் அவளைக் கிடத்தியிருந்தார்கள். ஜன்னல் கட்டையில் அவளுடைய கண்ணாடி கிடந்தது. மாட்டிக்கொண்டு கையைத் திறந்தார்.

நாலு புள்ளி. சதுரமாக.

பக்கத்து வயல்காரர் வந்து தோளைத் தொட்டார். “மனசைத் தேத்திக்குங்கண்ணே.”

“உன் வயல்ல குருத்தைப் பிரிச்சுப் பாத்தியா?”

“இப்ப எதுக்குண்ணே அதெல்லாம்…”

“இப்பவே போய்ப் பாரு. நான் சொன்னது தப்பு. அவ சொன்ன புழுதான்.”

கூடம் முழுக்கக் கேட்டது. யாரோ செருமினார்கள். வயல்காரர் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, வாசலில் செருப்பைத் தேடினார்.

வண்டி வந்தது. தலைமாட்டைக் கிழவரே பிடித்தார். கிட்டத்தில் பார்ப்பதற்கென்று அவள் வாங்கிய கண்ணாடி அது. வாசலும் ஆட்களும் தெருவும் கலங்கிக் கிடந்தன. காலால் தடவித் தடவிப் படி இறங்கினார்.

கண்ணாடியைக் கழற்றச் சொல்ல மகள் வாயெடுத்தாள்.

“பாத்து, இன்னும் ஒரு படி இருக்குப்பா” என்றாள்.